சந்தியாகப்பருக்கு நேர்ந்துவிட்ட வாள்

லீமாரோஸ் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு புகைப்படம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ரோஜா, சுற்றிலும் மினுக்கிக்கொண்டே இருக்கும் சீரியல் விளக்கு. புதிதாக வீட்டுக்குள் வருகிறவர்கள் அதை ஏதோ ஒரு புனிதர் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். கிட்டே போய்ப் பார்த்தால்தான் புனிதருக்கு முரட்டு மீசை இருப்பதும், மார்பில் பதக்கங்கள் தொங்குவதும், வெள்ளைக் கையுறை மாட்டிய வலக்கையில் முகத்துக்கு நேராக ஒரு வாள் நிமிர்ந்து நிற்பதும் தெரியும். அது சுபேதார் பென்னி. லீமாரோசின் ஒரே மகன்.

பாம்பன் தீவில், தங்கச்சிமடத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற சின்னக் கரை அவர்கள் ஊர். அங்கே ஆண்பிள்ளையாகப் பிறந்தால் என்ன வேலை பார்ப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. படகு எதிரிலேயே நிற்கிறது. ஆனால் பென்னிக்கும் கடலுக்கும் ஆகவில்லை. படகு கரையை விட்டு நகர்ந்து முதல் அலையில் ஏறி இறங்கினதும் காலையில் குடித்த நீராகாரம் கடலுக்குப் போய்விடும். அடுத்த அலைக்கு முந்தின நாள் ராத்திரிச் சோறு.

"ஏம் மவன் மீன் பிடிக்க வரல, மீனுக்கு விருந்து வைக்க வாரான்" என்று அவனுடைய அப்பா மரியதாஸ் கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தார்கள், இஞ்சி மெல்லக் கொடுத்தார்கள், படகின் நடுவில் படுக்கப் போட்டார்கள். படுத்துக்கொண்டே வாந்தி எடுத்தான்.

ராமநாதபுரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனபோது பென்னிக்குப் பதினெட்டு வயது. நாட்டுப்பற்று அப்புறம்தான் வந்தது. அன்றைக்கு அவன் விசாரித்தது ஒன்றே ஒன்றுதான்: பட்டாளம் தரையிலா, தண்ணீரிலா? தரை என்றார்கள். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து மணலில் ஓடிய கால். கெட்டித் தரையில் ஓட விட்டதும் அது பாட்டுக்குப் பறந்தது. கூட ஓடிய பையன்கள் பாதித் தூரம் வருவதற்குள் பென்னி ஓடி முடித்து, வரிசையில் நிற்கிறவர்களிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதல் வருஷம் இந்தி தெரியாமல் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எதைக் கேட்டாலும் "ஜீ சாப்" என்று சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "குளிக்கும் அறைக் குழாயை உடைத்தது நீதானா?" என்று கேட்டார்கள். "ஜீ சாப்." அந்த வாரம் முழுக்க மைதானத்தைச் சுற்றி ஓடினான். ஓடும்போதும் முகம் சுளிக்கவில்லை. அதுதான் பென்னி. கொடுத்த வேலை நியாயமா இல்லையா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்வான். முதலில் அதை ஒழுங்காகச் செய்து முடித்துவிடுவான்.

இப்படியே லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயிப் சுபேதார், சுபேதார் என்று ஏறினான். ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு ஊர், ஒவ்வொரு குளிர். நடுவில் லிண்டாவைக் கட்டிக்கொண்டான். லிண்டா பாவம், கல்யாணம் செய்தது ஒரு ஆளை, குடும்பம் நடத்தினது அவனுடைய குரலோடு. அதுவும் சிக்னல் கிடைத்தால்.

அந்தச் சிக்னல் ஒருமுறை அடியோடு நின்றது. எல்லைப் பக்கம் குண்டு விழுகிறது என்று டி.வி.யில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். பென்னியின் போன் வாரக் கணக்கில் அணைந்து கிடந்தது. மரியதாஸ் கடலுக்குப் போகாமல் பேட்டரி ரேடியோ மாதிரி முனகிக்கொண்டே வீட்டைச் சுற்றினார். லீமாரோஸ் நேராகக் கோயிலுக்குப் போனாள். குதிரை மேல் உட்கார்ந்து வலக்கையில் வாளை ஓங்கிக்கொண்டிருக்கும் சந்தியாகப்பர் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாள் போட்டாள். எல்லோரும் அமைதியாகச் செபம் செய்கிற நேரம் அது. லீமாரோசுக்கு அமைதியாக எதையும் செய்யத் தெரியாது.

"சந்தியாகப்பரே! எம்புள்ள உசுரோட வந்துட்டான்னா, அவன் கையில பிடிக்கிற ஆயுதத்தக் கொண்டாந்து ஒங் காலடியில வைக்கிறேன். இது ஏ நேர்ச்ச. கேட்டுக்க!"

சந்தியாகப்பர் கேட்டாரோ இல்லையோ, ஊர் கேட்டது.

பென்னி உயிரோடு வந்தான். நேர்ச்சைதான் நின்றுபோனது. அவன் கையில் பிடித்த ஆயுதம் துப்பாக்கி. அதைக் கொடுக்க முடியாது என்பது லீமாரோசுக்கே தெரியும். "அவருக்குத் துப்பாக்கி எதுக்கு? சுடவா போறாரு?" என்று சமாளித்துப் பார்த்தாள். ஆனால் உள்ளுக்குள் உறுத்தல். வலை கிழிந்தால் நேர்ச்சை பாக்கி. மரியதாஸ் படகில் வழுக்கி விழுந்தால் நேர்ச்சை பாக்கி. மிக்சி ஓடாமல் நின்றால்கூட அவள் முதலில் சந்தியாகப்பர் இருக்கிற திசையைத்தான் பார்ப்பாள்.

இந்த நேரத்தில்தான் வாள் வந்தது.

அணிவகுப்பில் வாளோடு முன்னால் நடக்கிறவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். பென்னியின் படைப்பிரிவில் ஒரு தனி வழக்கம் இருந்தது. அதன் ஆண்டுவிழா அணிவகுப்பில் ஒரு குழுவை, சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்த ஒருவர் வாள் பிடித்து நடத்த வேண்டும். படித்து நேராக அதிகாரி ஆனவருக்கு அந்த வாள் கிடையாது. யாருக்குக் கொடுப்பது என்று அதிகாரிகள் மட்டும் முடிவு செய்வதும் கிடையாது. கூடவே கிடந்து புழுதி தின்ற சுபேதார்கள் உட்கார்ந்து பேசி ஒரு பேரைச் சொல்வார்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அவர்கள் பென்னியின் பேரைச் சொன்னார்கள்.

அந்த வாளுக்குக் கூர் கிடையாது. வெங்காயம்கூட நறுக்க முடியாது. ஆனால் அதை நெஞ்சுக்கு நேரே பிடித்து அசையாமல் நிற்கிறவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். முதலில் மணிக்கட்டு 'போதுமா' என்று கேட்கும், அப்புறம் முழங்கை கேட்கும், கடைசியில் தோள்பட்டை கெஞ்சும். சலாமி என்கிற வாள் வணக்கம் வைக்கும்போது கைப்பிடியை உதட்டருகே கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே வீச்சில் வலப்பக்கம் தாழ்த்த வேண்டும். முனை தரையைத் தொடக் கூடாது, நடுங்கவும் கூடாது. பென்னி துடைப்பக் குச்சியை வைத்துக் கண்ணாடி முன்னால் மாதக் கணக்கில் பழகினான். குச்சியை உதட்டருகே கொண்டுபோய் நிற்கிற சுபேதாரைப் பார்த்து, புதிதாக வந்த சிப்பாய்கள் அவர் குச்சிக்கு முத்தம் கொடுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

அணிவகுப்பு அன்றைக்கு மழை. அதுகூடப் பரவாயில்லை. சலாமி வைக்கிற நொடியில், வாள் உதட்டருகே இருக்கையில், பென்னிக்குத் தும்மல் வந்தது. முன்னால் ஜெனரல், பின்னால் முழுக் குழு. கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் வயிற்றை அடக்க முடியாமல் தோற்ற மனிதன், அன்றைக்கு அந்தத் தும்மலை மூக்குக்குள்ளேயே மடக்கி உட்கார வைத்தான். கண்ணில் நீர் வழிந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை. புகைப்படத்தில் அவன் கண் பளபளப்பதைப் பார்த்து ஊரில் எல்லோரும் வீரம் என்கிறார்கள். அது தும்மல்.

அணிவகுப்பு முடிந்த கையோடு வாளை ஆயுத அறையில் ஒப்படைத்தான். அதற்குப் பொறுப்பு ஹவில்தார் வீரபத்திரன், கடலாடிக்காரன். வாளை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"ஒறைக்குள்ள ஈரம் நிக்குதுண்ணே. தொடச்சுக் குடுங்க."

"ஏலே, ஒரே மாவட்டம்டா நம்ம."

"ஒரே மாவட்டங்கிறதுக்காகத் துரு பிடிக்காம இருக்குமா?"

பென்னி துடைத்து, எண்ணெய் பூசி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அவனுக்கும் வாளுக்கும் இருந்த உறவு அதோடு முடிந்தது. புகைப்படம் மட்டும் ஊருக்குப் போனது.

லீமாரோஸ் படத்தைப் பார்த்தாள். மகன் கையில் வாள். நிமிர்ந்து சந்தியாகப்பரை நினைத்தாள். அவர் கையிலும் வாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கரையில் ஒருவன் கையில் பிடித்திருக்கிற துடுப்பு அவனுடையது, வலை அவனுடையது, மீன் வெட்டுகிற கத்தி அவனுடையது. பொழுது சாய்ந்ததும் கருவியை வாங்கிப் பூட்டி வைக்கிற தொழில் எதையும் லீமாரோஸ் பார்த்ததில்லை. அதனால் வாள் மகனுடையதுதான் என்பதில் அவளுக்கு ஒரு துளிச் சந்தேகமும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சுகந்தியிடம் சொன்னாள். சுகந்தி தலையில் மீன்கூடையோடு தீவு முழுக்க நடக்கிறவள். பாம்பன் வரைக்கும் சேதி போய்ச் சேர்ந்தது: அடுத்த திருவிழாவுக்குப் பட்டாளத்து வாள் சந்தியாகப்பர் காலடிக்கு வருகிறது.

பென்னிக்கு போனில் சொன்னபோது லீமாரோஸ் அழுதாள். "எய்யா, இம்புட்டு வருசமா நெஞ்சுல கல்லா கெடந்துச்சு. இப்பத்தான் எறங்கிருக்கு."

அந்த இடத்தில் பென்னி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஜெனரலுக்கு முன்னால் தும்மாத ஆளுக்கு, அழுகிற அம்மாவுக்கு முன்னால் வாய் வரவில்லை. "பாப்பம்மா" என்றான். அம்மா அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டாள்.

ஓய்வு பெறுகிற மாதம் வந்தது. பென்னி வீரபத்திரனிடம் போய் விஷயத்தைச் சொன்னான். வீரபத்திரன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் பென்னியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். உள்ளே போய்ச் சாக்கில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தான். பழைய வாள். கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது, உறை நசுங்கியிருந்தது.

"கழிச்சுப் போட்டதுண்ணே. உருக்குறதுக்குப் போகப்போவுது. ஒண்ணு கொறஞ்சா எவனும் தேட மாட்டான். பெட்டிக்கு அடியில வச்சுக் கொண்டு போங்க. ஆத்தா மனசு நோகப்படாது."

ஈரத்துக்கே விடாத வீரபத்திரன் இதைச் சொல்வதென்றால் சும்மா இல்லை. பென்னி வாளை வாங்கிப் பார்த்தான். கை தானாக அதை நிமிர்த்திப் பிடித்தது. ஆடின கைப்பிடி அவன் பிடியில் ஆடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு திரும்பச் சாக்கில் சுற்றினான்.

"சந்தியாகப்பருக்குத் திருட்டுச் சாமானா கொண்டு போறது? அவரு குதிரையில வெரட்டிக்கிட்டு வருவாருடா."

"அப்ப ஆத்தாகிட்ட என்ன சொல்லுவீக?"

"அதுதான் தெரியல. எல்லையில கூட இம்புட்டுப் பயந்ததில்ல."

பாம்பன் புதுப் பாலத்தின் மேல் ரயில் போகும்போது பென்னி கடலைப் பார்க்கவில்லை, கறுப்புத் தகரப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான். பெங்களூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலர்களுக்கு மேற்பார்வையாளர் வேலை அவனுக்குத் தயாராக இருந்தது. ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரன் ஏதோ ஒரு வாசலில் போய் நிற்பது எழுதப்படாத சட்டம் மாதிரி. திருவிழா முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். லிண்டாவிடம் சொன்னபோது அவள் "சரி" என்றாள். அந்தச் 'சரி'யை வைத்து மீன் செதில் உரிக்கலாம், அவ்வளவு கூர்.

வீட்டுக்கு வந்ததும் ஊரே பெட்டியைச் சுற்றி நின்றது. சுகந்தி முன்வரிசையில்.

"எங்கன இருக்கு வாளு? தொறங்க அண்ணே, நாங்களும் கண்ணால பாத்துக்கிறோம்."

"திருவிழா அன்னைக்குப் பாக்கலாம், போங்கடி" என்று லீமாரோஸ் விரட்டினாள். பெட்டி மேல் பட்டுத் துணி ஒன்றைப் போர்த்தினாள். உள்ளே இருந்தது சட்டை துணிமணியும், கேன்டீனில் வாங்கின பிரஷர் குக்கரும்தான். ஒன்பது நாள் நவநாளும் அந்தக் குக்கருக்கு மெழுகுவர்த்தி எரிந்தது.

திருவிழா அன்று காலையில் லீமாரோஸ் பட்டுத் துணியை எடுக்கப் போனாள். பென்னி பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். விறைப்பாக, குதிகால் சேர்த்து நின்றான். வேறு எப்படி நிற்பதென்று தெரியவில்லை.

"அம்மா. வாள் இல்ல."

"என்னது இல்ல?"

"அது என்னுது இல்லம்மா. சர்க்காரோடது. பிடிச்சு நடக்கச் சொல்லிக் குடுத்தாங்க, முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. போன்லயே சொல்லிருக்கணும். நீ அழுத, சொல்ல முடியல."

லீமாரோஸ் அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். மரியதாஸ் பீடியைக் கீழே போட்டார்.

"நாடகத்துக்கு வேசங் கட்டுற சாமான் மதுரையில வாடகைக்குக் கெடைக்குமே" என்றார் மெதுவாக. "அட்டை வாளுல பேப்பர் ஒட்டி..."

"வாய மூடுங்க! சாமிக்கு அட்டைய வைக்கவா நேந்தேன்?" என்று பாய்ந்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். "ஏலே, ஊரு முழுக்கச் சொல்லிட்டனேடா. ஊரு கெடக்கட்டும். அவருட்ட சொன்னேனே. ஒன்ன அவருதானேடா திருப்பிக் குடுத்தாரு. நா என்னத்தக் கொண்டு போய் வைப்பேன்?"

"வேற ஒரு வாள் இருந்துச்சு, கழிச்சுப் போட்டது. வீரபத்திரன் எடுத்துக்கிடச் சொன்னான். எடுத்துட்டு வந்திருந்தா ஒனக்குத் தெரியவே தெரியாது. ஆனா அது களவும்மா."

லீமாரோஸ் மகனின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவனுடைய வலக்கையைப் பார்த்தாள். விரல் மடிப்பில் காய்த்திருந்தது. எழுந்தாள், சேலையை உதறிச் செருகினாள். "யூனிபார்மப் போடு. பொறப்படு" என்றாள்.

கோயிலில் நேர்ச்சை வைக்கிறவர்கள் வரிசை. ஒருவர் கையில் சேவல், ஒருவர் கையில் வெள்ளியில் செய்த குட்டிப் படகு, ஒருவர் கையில் உப்பும் மிளகும். லீமாரோஸ் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எல்லார் கண்ணும் அவர்களுடைய கையில். கையில் ஒன்றும் இல்லை.

"வாளு எங்க பெரியம்மா?" என்று சுகந்தி கேட்டேவிட்டாள்.

லீமாரோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மகனை இழுத்துக்கொண்டு நேராகச் சுரூபத்துக்கு முன்னால் போனாள். ஊருக்குக் கேட்கிற அதே குரலில் பேசினாள்.

"சந்தியாகப்பரே! வாளு சர்க்காருக்குச் சொந்தமாம். திருடிக் கொண்டு வந்திருக்கலாம், எம்மவன் திருடல. அதுக்கு நீயே சாட்சி. வாளுதான் அவுகளுது. அதப் பிடிச்ச கை என்னுது. நா பெத்தது, நா சோறு ஊட்டி வளத்தது. இந்தா, எடுத்துக்க!"

என்று சொல்லிப் பென்னியின் வலக்கையை இழுத்துச் சந்தியாகப்பரின் காலடியில், குதிரைக் குளம்புக்குப் பக்கத்தில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள்.

இதைச் சிரிக்கிற கணக்கில் சேர்ப்பதா அழுகிற கணக்கில் சேர்ப்பதா என்று சுகந்திக்கே குழப்பம். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பென்னி குனிந்தபடியே நின்றான். கண்ணில் நீர் வழிந்தது. இந்தமுறை தும்மல் இல்லை.

"நேர்ச்சை முடிஞ்சுச்சும்மா" என்றார் ஃபாதர். வேறு என்ன சொல்ல முடியும்?

"முடியல சாமி. இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றாள் லீமாரோஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனிடம் திரும்பினாள். "சாமிக்குக் குடுத்த கை, இந்தக் கரைய விட்டுப் போவக் கூடாது. எவன் வீட்டுக் கேட்டத் தொறக்கவும் நா விடமாட்டேன். கோயிலுக்கு என்ன வேல உண்டோ அதச் செய்யட்டும். பென்சன் வருதில்ல? போதும்."

பெண்கள் பக்கத்தில் லிண்டா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவள் தேற்றப் போனாள். லிண்டா சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் தன்னால் கேட்க முடியாததை மாமியார் ஒரே சத்தத்தில் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் சப்பரம் கிளம்பியது. வழக்கமாகச் சந்தியாகப்பர் பவனி என்றால் நெஞ்சு படபடக்கும். தூக்குகிற ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள், குதிரை சாயும், வாள் மின்கம்பியை உரசப் போகும், பெண்கள் "சேசுவே!" என்று அலறுவார்கள். இந்தமுறை முன்பக்க வலது தண்டுக்குக் கீழே பென்னி தோள் கொடுத்தான். கூட்டம் நெரித்தது. படகு மாதிரி சப்பரம் ஆட ஆரம்பித்தது. பென்னியின் வாயிலிருந்து தானாக ஒரு குரல் கிளம்பியது:

"தேஸ் சல்!"

அணிவகுப்பில் நடையைத் தொடங்கச் சொல்லும் இந்தி உத்தரவு அது. அங்கே யாருக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு மாறாகக் கால் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இடது, வலது என்று மொத்தச் சப்பரமும் ஒரே காலாக நடந்தது. மரியதாஸ் பின்தண்டில் இருந்தார். மகன் சொன்ன பேச்சைக் கேட்டு அவர் நடந்தது அதுதான் முதல்முறை. மேலே சந்தியாகப்பரின் வாள் ஒரு பக்கமும் சாயாமல் கரைத் தெரு முழுக்கப் போய்த் திரும்பியது.

மறுநாள் காலையில் பெங்களூரிலிருந்து போன் வந்தது. பென்னி கோயில் கொட்டகையில் சப்பரத் தண்டுகளை ஒன்றொன்றாகத் துடைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். எண்ணெய்க் கையோடு போனை எடுத்தான்.

"சார், எப்ப கிளம்பி வர்றீங்க? சீருடைகூடத் தச்சாச்சு."

"மன்னிச்சுக்கங்க சார். வர முடியாது."

"ஏன் சார்? உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. வலது கை மட்டும் வேற எடத்துல வேலைக்குச் சேந்துருச்சு."

பென்னி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அடுத்த தண்டைத் துடைக்க ஆரம்பித்தான்.